லைஃப் கோச் தொழில் உங்களுக்கு ஒத்துவருமா? ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து யோசிப்பவர்களுக்கு

"ஊரில் யாருக்கு என்ன பிரச்சினை என்றாலும் என்னிடம்தான் யோசனை கேட்க வருவார்கள். அதனால் லைஃப் கோச் ஆகலாம் என்று இருக்கிறேன்." இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் பலர் முதலில் சொல்வது இதைத்தான். சிக்கலும் இதிலேயே இருக்கிறது. யோசனை சொல்லிப் பழகிய வாயை மூடப் பழகுவதுதான் கோச்சிங்கில் முதல் பாடம். தொண்டியிலோ பாம்பனிலோ கீழக்கரையிலோ நான்கு பேர் மதிக்கும் ஆளாக இருப்பவருக்கு அது சும்மா இருப்பவரைவிடக் கஷ்டம்.

ஆகவே படிப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால், செலவில்லாமல் உங்களை நீங்களே சோதித்துப் பார்க்கும் வழியைக் கீழே தருகிறோம். மொத்தம் இரண்டரை மாதம் ஆகும்.

இது என்ன வேலை

எதிரே இருப்பவர் தன் முடிவைத் தானே எடுக்கும்படி கேள்வி கேட்பதும், எடுத்த முடிவை அவர் செய்து முடிக்கும்வரை கூட நிற்பதும் கோச்சின் வேலை. எதைப் பற்றிப் பேசுவது என்று தீர்மானிப்பவர் கிளையண்ட். எப்படிப் பேசுவது என்பது மட்டும் கோச்சின் பொறுப்பு.

இதை ஒட்டி வேறு சில வேலைகள் இருக்கின்றன; ஆட்கள் குழப்பிக்கொள்வது இங்கேதான். பத்து வருடம் இறால் பண்ணை நடத்தியவர் புதிதாகத் தொடங்குபவருக்கு வழி சொன்னால், அவர் மென்டர். கணக்கைப் பார்த்து "இந்தச் செலவைக் குறை" என்று சொல்பவர் ஆலோசகர். மனக்காயத்தை ஆற்ற உதவுபவர் கவுன்சிலர் அல்லது உளவியலாளர். மைக் பிடித்து நூறு பேரை எழுப்பி உட்கார வைப்பவர் தன்னம்பிக்கைப் பேச்சாளர். அப்துல் கலாம் பிறந்த மாவட்டம் என்பதால் நம் பக்கம் இந்தக் கடைசி வகைக்குக் குறைவே இல்லை. பள்ளி ஆண்டு விழாவில் "கனவு காணுங்கள்" என்று தொடங்கினாலே கைதட்டல் வந்துவிடும். அந்தக் கைதட்டல்தான் உங்களை இழுக்கிறது என்றால் பேச்சாளர் ஆகுங்கள், தப்பில்லை. கோச்சிங் செஷனில் யாரும் கைதட்ட மாட்டார்கள். நன்றாக நடந்த செஷனுக்குப் பிறகு கிளையண்ட், "நானே யோசிச்சுக் கண்டுபிடிச்சிட்டேன்" என்று எழுந்து போவார். அதைக் கேட்டு உங்களுக்குச் சுருக்கென்று இருந்தால் அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சோதனை: இருபது நிமிடம்

தெரிந்தவர் ஒருவரைக் கேளுங்கள். நெருங்கிய சொந்தமாக இருக்கக் கூடாது. "இருபது நிமிசம் பேசலாம், போன்ல பதிவு பண்ணிக்கிறேன், நான் மட்டும் கேட்டுட்டு அழிச்சிருவேன்" என்று சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். அவர் மனதில் ஓடும் ஒரு முடிவைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். பிறகு தனியாக உட்கார்ந்து பதிவைக் கேட்டு மூன்றை எண்ணுங்கள்.

ஒன்று, நீங்கள் பேசிய நேரம். இருபதில் ஐந்து நிமிடத்துக்குள் இருந்தால் நல்லது. பத்தைத் தாண்டினால் செஷனை நீங்கள்தான் ஓட்டியிருக்கிறீர்கள். இரண்டு, "பண்ணலாமே", "செஞ்சா என்ன", "நான் என்ன சொல்றேன்னா" என்று முடிந்த அல்லது தொடங்கிய வாக்கியங்கள். "பண்ணலாமே" என்பது கேள்வி வேஷம் போட்ட யோசனை. மூன்று, மூன்று நொடிக்கு மேல் நீங்கள் விட்ட மௌனங்கள். அநேகமாக இது பூஜ்யமாக இருக்கும்.

ஒரு மாதிரி உரையாடலைப் பாருங்கள். கிளையண்டுக்கு நாற்பது வயது, விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். கோச்சுக்கு முப்பது.

"இன்னைக்கு எதைப் பத்திப் பேசலாம்ணே?"

"தொழிலுக்குப் போறத விட்டுட்டு ராமேஸ்வரத்துல கருவாட்டுக் கடை போடலாம்னு இருக்கேன் தம்பி. நீ என்ன சொல்ற?"

புதியவர் கவிழும் இடம் இதுதான். கோயிலுக்கு வரும் கூட்டம், கடை வாடகை, எந்த மீன் கருவாடு போகும் என்று அவர் வாயில் எல்லாம் தயாராக நிற்கும். அதை விழுங்கிவிட்டு இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"கடை போட்டு ஒரு வருசம் ஆச்சுன்னு வச்சுக்குவோம்ணே. ஒரு செவ்வாக்கிழமை காலைல எட்டு மணிக்கு என்ன செஞ்சுக்கிட்டு இருப்பீங்க?"

பதில் உடனே வராது. ஏழெட்டு நொடி ஆகும். இடையில் புகுந்து இன்னொரு கேள்வி போட்டால் எல்லாம் கெட்டது. பொறுத்தால், "மகளைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வருவேன் தம்பி. அதுக்கப்புறந்தான் கடையைத் திறப்பேன்" என்று வரும். விஷயம் கருவாடு இல்லை, காலையில் கரையில் இருப்பது என்று அப்போதுதான் அவருக்கே தெரிகிறது. அதற்குக் கடை ஒரு வழி. வேறு வழிகளும் இருக்கலாம். கடை வாடகையில் ஆரம்பித்திருந்தால் ஒரு மணி நேரம் பேசியும் இங்கே வந்திருக்க மாட்டீர்கள்.

தமிழில் கோச்சிங் செய்பவர்கள் கவனிக்க வேண்டியவை தனியாகச் சில உண்டு. "ஏன்" என்ற கேள்வி நம் காதில் விசாரணையாக விழும். "ஏன் விட்டீங்க?" என்றால் அவர் காரணம் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார். "எது விட வச்சுச்சு?" என்று கேட்டால் கதை வரும். வயதில் மூத்தவர் "நீயே சொல்லு தம்பி" என்று உங்கள் பக்கம் தள்ளும்போது, "சொல்றேண்ணே, அதுக்கு முன்னாடி உங்களுக்குத் தோணுறது ரெண்டைச் சொல்லுங்க" என்று மரியாதை குறையாமல் திருப்பிவிடலாம். இரண்டு சொன்னபின் பெரும்பாலும் உங்களைக் கேட்க மாட்டார். "பாப்போம்" என்பதை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் ஊரில் அது பாதி நேரம் "முடியாது" என்பதன் நாகரிகமான வடிவம். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, முதலில் யாரிடம் பேசுவீர்கள் என்று மூன்றும் தெளிந்தால்தான் அது முடிவு.

இதே சோதனையை ஒரு வார இடைவெளியில் மூன்று பேரிடம் செய்யுங்கள். மூன்றாவது பதிவிலும் உங்கள் பேச்சு பாதிக்கு மேல் இருந்தால் அவசரப்பட்டுப் படிப்பில் சேராதீர்கள்.

எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியுமா?

இந்தியாவில் லைஃப் கோச் என்று பலகை மாட்ட எந்த உரிமமும் வேண்டியதில்லை. மருத்துவ உளவியலாளராக வேலை செய்ய 1992 சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். கோச்சுக்கு அப்படி ஒன்றும் இல்லை. தடுக்க ஆளில்லை என்பதால் எல்லையை நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும்.

நம் மாவட்டத்துக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். நோயை நோய் என்று பார்க்காமல் பேய் பிசாசு என்று வேறு பெயர் வைத்தால் என்ன ஆகும் என்பதை இதற்குமேல் யாரும் நமக்கு விளக்க வேண்டாம். "மோட்டிவேஷன் குறைவு" என்பதும் அப்படி ஒரு வேறு பெயர் ஆகிவிடலாம்.

கீழ்க்கண்டவற்றில் ஏதாவது காதில் விழுந்தால் கோச்சிங்கை நிறுத்துங்கள்: இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை, "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி", யாருக்கும் கேட்காத குரல் கேட்கிறது, காலையிலேயே குடித்தால்தான் கை நடுங்காமல் இருக்கிறது, வீட்டில் அடி. சாகும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அவரைத் தனியே விடாமல் குடும்பத்தில் அவர் நம்பும் ஒருவரைக் கூப்பிட்டு, ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. இலவசம், இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசுவார்கள். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. இந்த மூன்று எண்ணையும் மனப்பாடமாகச் சொல்ல முடியாதவர் முதல் கிளையண்டை உட்கார வைக்கக் கூடாது என்பது எங்கள் கறாரான கருத்து.

இன்னொரு எல்லை கடன். படகு முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருப்பவரிடம் "உங்க மனசு உண்மையிலேயே எதை விரும்புது?" என்று கேட்பது வெட்டிப் பேச்சு. எவ்வளவு பாக்கி, யாரிடம், எப்போதுக்குள் என்று மூன்று வரி தாளில் எழுதியபின்தான் மற்றக் கேள்வி. எழுதிப் பார்த்தால் தேவைப்படுவது கோச்சிங் அல்ல, வங்கியோ சங்கமோ வக்கீலோ என்று தெரியவரலாம். அங்கே அனுப்பிவிடுங்கள்.

எல்லோரும் சொந்தக்காரர்களாக இருக்கும் ஊரில்

சென்னையில் கோச்சும் கிளையண்டும் செஷனுக்கு வெளியே சந்திக்கவே மாட்டார்கள். மண்டபத்திலோ தேவிபட்டினத்திலோ ஒருவரோடு காலையில் செஷன் முடிந்தால் மாலையில் அவர் மச்சானோடு டீ குடிப்பீர்கள். "நம்ம பயதானே, என்ன சொன்னான்?" என்று அந்த மச்சான் கேட்பார். "நல்லாத்தான் இருக்காரு" என்ற பதில்கூட ஒரு தகவல்தான். "அவர்கிட்டயே கேளுங்க மச்சான்" என்று சிரித்துக்கொண்டே சொல்ல வருகிறதா என்று பாருங்கள். வராது என்றால் உள்ளூர் ஆட்களை எடுக்காமல் வெளியூர் கிளையண்டுகளோடு போனில் மட்டும் வேலை செய்யலாம்.

உட்காரும் இடமும் லேசான விஷயம் இல்லை. வீட்டு முன்னறையில் உட்கார்ந்தால் யார் வந்தார்கள் என்று தெருவுக்கே தெரியும். கடற்கரை மணலில் பேச்சு நன்றாக வரும். ஆனால் கூட உட்கார்ந்தவர் யார் என்று அடுத்த நாள் நான்கு பேர் கேட்பார்கள். கிளையண்ட் பெண்ணாகவும் கோச் ஆணாகவும் இருந்தால் இது இன்னும் கூடும். போனில் பேசுவதுதான் பலருக்கு வசதி. வெளியே நின்று பேசாதீர்கள். காற்று மைக்கில் அடித்து எதிரே இருப்பவருக்கு இரைச்சல் மட்டும் கேட்கும். மின்விசிறியைக்கூட முகத்துக்கு நேரே வைக்கக் கூடாது.

அரைப்பக்கத்தில் தமிழில் ஒரு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை செஷன், ஒன்று எவ்வளவு நேரம், கட்டணம், வராவிட்டால் என்ன, பேசியது யாருக்கும் போகாது, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் போகும். பெற்றோர் பணம் கொடுத்துப் பிள்ளையை அனுப்பினால் இது கட்டாயம். "நீட்டுக்குப் படிக்க வச்சிருங்க" என்று அப்பா கேட்பார். பிள்ளைக்கு ஓவியம் வரைய ஆசை இருக்கும். செஷனில் உட்காருபவர்தான் கிளையண்ட், பணம் கொடுத்தவருக்கு வந்தானா இல்லையா என்பது மட்டும்தான் தெரிவிக்கப்படும் என்று மூன்று பேரும் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். இதற்கு அப்பா ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அந்தப் பணத்தை வாங்காதீர்கள்.

சாப்பாட்டுக்கு வருமா?

ஆசைப்பட்டவர்கள் அதிகம் தவிர்க்கும் கணக்கு இது. ஒரு உதாரணம் போடுவோம்.

ஒரு செஷனுக்கு 800 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 32,000 வர 40 செஷன் வேண்டும். ஒருவர் மாதம் இரண்டு முறை வருவார் என்றால் ஒரே நேரத்தில் 20 கிளையண்ட். ஒருவர் மூன்று மாதம் இருந்துவிட்டுப் போவார் என்றால் வருடத்துக்கு 80 புது ஆட்கள். அறிமுகப் பேச்சுக்கு வரும் நால்வரில் ஒருவர் சேருவார் என்று தாராளமாக வைத்தாலும், 320 பேரிடம் இலவசமாகப் பேசியிருக்க வேண்டும். உங்கள் ஊரில், 800 ரூபாயைப் பேச்சுக்குக் கொடுக்கும் 80 பேர் யார்? நோட்டில் வகை வகையாக எழுதிப் பாருங்கள். இருபதைத் தாண்டாவிட்டால் இது உங்களுக்கு முழுநேர வேலை ஆகாது. இருக்கும் வேலையோடு சேர்த்துச் செய்யலாம்.

கடற்கரையின் வருமானம் வருடம் முழுவதும் ஒரே மாதிரி ஓடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அப்போது விசைப்படகுக்காரர்களுக்கு நேரம் இருக்கும், கையில் காசு இருக்காது. கடலுக்குப் போகத் தொடங்கியதும் காசு வரும், நேரம் போய்விடும். அறிமுகப் பேச்சையும் இலவசக் கூட்டத்தையும் தடைக்காலத்தில் வைத்துக்கொண்டு கட்டணத்தை ஜூலைக்குத் தள்ளுவது பிழைக்கத் தெரிந்தவர் செய்வது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்டும் சிக்னலும் போகும். இரண்டாவது சிம் ஒன்றும் சார்ஜ் நிறைந்த பவர் பேங்க் ஒன்றும் கையில் இருக்க வேண்டும்.

காசு கொடுத்துக் கோச்சிங் எடுக்கக்கூடியவர்களில் சபராளிகளை, அதாவது வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களை, மறக்காதீர்கள். கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம் பக்கம் வளைகுடாவில் ஆள் இல்லாத குடும்பம் குறைவு. "ஊருக்குத் திரும்பலாமா, திரும்பினால் என்ன செய்வது" என்ற கேள்வி அங்கே பல அறைகளில் தூங்காமல் புரள்கிறது. அது கோச்சிங்குக்கே உரிய கேள்வி. ஆனால் நேரத்தைப் பாருங்கள். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரமும், சவுதி, கத்தார், குவைத் இரண்டரை மணி நேரமும் பின்னால். துபாயில் இரவு எட்டுக்கு வேலை முடித்து வருபவருக்கு இங்கே ஒன்பதரை. சவுதிக்காரருக்கு இங்கே பத்தரை. வாரத்தில் ஐந்து இரவு அப்படி உட்கார உங்கள் வீடு ஒத்துக்கொள்ளுமா? துபாய் ஆட்களை வாட்ஸ்அப் காலில் பிடிக்க முடியாது, அங்கே அதற்குத் தடை. ஜூம் போன்றதில் பேச வேண்டும். சவுதி, கத்தார், குவைத்தில் வெள்ளி, சனி விடுமுறை. அமீரகத்தில் 2022 முதல் சனி, ஞாயிறு. நாட்காட்டியை அதற்கேற்ப வெட்டிக்கொள்ளுங்கள்.

அரசுப் பக்கம் பெரிய தொல்லை இல்லை. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை.

படிப்பும் சான்றிதழும்

சட்டம் கேட்காவிட்டாலும் பயிற்சி வேண்டும். உலக அளவில் அதிகம் மதிக்கப்படுவது 1995இல் அமெரிக்காவில் தொடங்கிய சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு, சுருக்கமாக ஐசிஎஃப். அதன் முதல் படியான ஏசிசிக்கு 60 மணி நேரப் பயிற்சி, 10 மணி நேர மென்டர் கோச்சிங் (அனுபவமுள்ள கோச் ஒருவர் உங்கள் கோச்சிங்கைப் பார்த்துத் திருத்துவது), 100 மணி நேர அனுபவம், கடைசியில் தேர்வு. அந்த 100இல் 75 மணி நேரம் கட்டணம் வாங்கிச் செய்ததாக இருக்க வேண்டும். அடுத்த படி பிசிசிக்கு 125 மணி நேரப் பயிற்சியும் 500 மணி நேர அனுபவமும். கடைசிப் படி எம்சிசிக்கு முறையே 200, 2,500 மணி நேரம். சான்றிதழை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

கட்டணம் என்றால் ரூபாய்தான் என்றில்லை. பண்டமாற்றும் கணக்கில் சேரும். அரைக்கிலோ நெத்திலிக் கருவாட்டுக்குச் செய்த செஷனும் கட்டணச் செஷன்தான். நம் பக்கத்துக்கு ரொம்பப் பொருத்தமான விதி.

ஐசிஎஃப் அங்கீகாரமுள்ள படிப்புக்குச் செலவு லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம். அநேகமாக எல்லாம் ஆன்லைனில் உண்டு; மதுரைக்கும் சென்னைக்கும் அலைய வேண்டாம். சேரும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். என் செஷனை யாராவது நேராகக் கேட்டுக் குறை சொல்வார்களா, எத்தனை முறை? தமிழில் பயிற்சி செய்ய ஜோடி கிடைக்குமா? இடையில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? முதல் கேள்விக்குத் தெளிவான எண் வராவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டு நாளில் "சர்டிஃபைடு கோச்" ஆக்கி, மூன்றாம் நாள் "நீங்களும் ஆள் சேர்த்துவிட்டால் கமிஷன்" என்று சொல்லும் கடைகளும் உண்டு. அவை விற்பது கோச்சிங்கை இல்லை.

எட்டு வாரம்

இப்போது முழுச் சோதனை. நான்கு பேர், ஒவ்வொருவருக்கும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆளுக்கு நான்கு செஷன், மொத்தம் 16. ஒரு செஷன் 45 நிமிடம். நால்வரில் ஒருவர் உங்களைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். ஒருவர் உங்கள் கருத்துக்கு நேர் எதிரானவர். நீங்கள் வெளிநாடு போகக் கூடாது என்று நினைப்பவரானால் அவர் போகத் துடிப்பவராக இருக்கட்டும். இருவரிடமாவது நூறு ரூபாயோ கருவாடோ வாங்குங்கள். காசு கேட்க நாக்கு எழவில்லை என்பது இப்போதே தெரிந்துவிடட்டும்.

ஒவ்வொரு செஷனுக்கும் நான்கு வரி எழுதினால் போதும்: தேதி, அவர் செய்வதாகச் சொன்னது, போன முறை சொன்னதில் செய்தது, முடிந்தபின் உங்கள் மனநிலை. பெயர் வேண்டாம், எண் போடுங்கள்.

எட்டாவது வாரம் நோட்டைத் திறந்து பாருங்கள். நீங்கள் நினைவூட்டாமல் மூன்றாவது செஷனுக்கு வந்தவர்கள் எத்தனை பேர்? இரண்டுக்குக் கீழே என்றால் கேள்விகள் அவர்களைத் தொடவில்லை. அவர் சொன்னதைச் செய்யாதபோது உங்களுக்குக் கோபம் வந்ததா? ஒருமுறை வந்தால் இயல்பு, நான்கு பேரிடமும் வந்தால் நீங்கள் அவர் வாழ்க்கையை உங்கள் தோளில் ஏற்றியிருக்கிறீர்கள். இரவில் அவர் கதை ஓடித் தூக்கம் கெட்டதா? "நம்மகிட்ட பேசித்தான் அவன் திருந்துனான்" என்று யாரிடமாவது வாய்விட்டீர்களா? கடைசிக் கேள்விக்கு "ஆமாம்" என்றால், ஒருமுறையே ஆனாலும், இந்த ஊரில் இந்தத் தொழில் வேண்டாம்.

சோதனை தோற்றால் வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. விஷயம் சொல்லிக் கொடுப்பதில் சந்தோஷம் வந்திருந்தால் போட்டித் தேர்வு வகுப்போ மகளிர் சுய உதவிக் குழுப் பயிற்சியோ பொருந்தும். அழுகையோடு கூட உட்கார முடிந்தது, அதுதான் பிடித்தது என்றால் உளவியலோ சமூகப்பணியோ முறையாகப் படியுங்கள். மாவட்டத்துக்கு அந்த ஆட்கள் இன்னும் தேவை.

தேர்ந்தாலும் தோற்றாலும் பதிவுகளை அழித்துவிட்டு, நோட்டைத் தாள் தாளாகக் கிழித்து எரித்துவிடுங்கள். பழைய பேப்பர் கடைக்குப் போட வேண்டாம். எண் போட்டு எழுதினாலும் உங்கள் கையெழுத்து ஊருக்குத் தெரியும், அந்தத் தாளில்தான் அடுத்த வாரம் வடை மடித்துக் கொடுப்பார்கள்.